ஆறரை மணிப் பூட்டு

துணை வார்டனாக இருந்த ஆண்டுகளில், மாலை ஆறரைக்கு மகளிர் விடுதியைப் பூட்டச் சொன்னவள் நான். ஒருநாள் பேருந்து கிடைக்காமல் இருபது நிமிடம் தாமதமாக வந்த முதலாண்டு மாணவியைக் கதவுக்கு வெளியே நிறுத்திவைத்து, விதிப்படி அவள் அப்பாவுக்குப் போன் செய்தேன். அடுத்த வாரம் அவர் வந்து பெட்டியோடு அவளைக் கூட்டிப்போனார். அவள் படிக்கத் திரும்பவில்லை. அதே வளாகத்தில் ஆண்கள் விடுதிக்குப் பத்து மணிவரை பூட்டு இல்லை.

விதியைத்தானே பின்பற்றினேன் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டேன். விதியைப் பின்பற்றுவதும் பொறுப்போடு நடப்பதும் ஒன்றுதானா?

விடுதிக்கு விதிகளே வேண்டாம் என்று சொல்லவில்லை. நூறு பேர் சேர்ந்து வாழும் இடத்தில், படிக்கிறவள் அருகே சத்தம் போடாதிருப்பதும், தண்ணீர்க் குழாயை மூடுவதும், மெஸ்ஸில் சோற்றை வீணாக்காதிருப்பதும், நள்ளிரவில் காய்ச்சல் கண்டவளோடு மருத்துவமனைக்குப் போவதும் கடமைகள். உடன் வாழ்பவர்களுக்காக நாம் செய்பவை இவை. ஆறரை மணிப் பூட்டு அப்படிப்பட்டதல்ல. அப்பா ஒப்படைத்த பொருளைப் பழுதில்லாமல் திருப்பித் தருவதற்கான ஏற்பாடு அது. பொருளுக்குப் பொறுப்பு கிடையாது, காப்பவருக்குத்தான் உண்டு. பிறகு அந்தப் பெண்களையே பொறுப்பில்லாதவர்கள் என்கிறோம்.

பாதுகாப்புக்காக என்பார்கள். ஆறு ஐம்பதுக்கு அவளைத் தெருவில் நிறுத்திய பூட்டு யாரைப் பாதுகாத்தது? பாதுகாப்பைக் காரணம் காட்டி, மாணவர்களுக்கு இல்லாத பாகுபாடான விதிகளை மாணவியர் விடுதிகளில் விதிக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளே சொல்கின்றன. அதே ஆண்டில்தான் டெல்லி மாணவியர் ‘பிஞ்ரா தோட்’, கூண்டை உடை, என்று தெருவில் இறங்கினார்கள். மாலை 6 முதல் 10 வரை செல்பேசி கூடாது என்ற விதியை ஏற்காததற்காக விடுதியிலிருந்து நீக்கப்பட்ட மாணவி ஒருத்தி, 2019இல் கேரள உயர் நீதிமன்றத்தில் வென்றாள். இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்றது தீர்ப்பு.

எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று தோழியிடம் சொல்லிவிட்டுப் போவதும், வராவிட்டால் அவள் தேடிப் போவதும் பூட்டைவிட நல்ல காவல். அதை மாணவியரே தமக்குள் வகுத்துக்கொள்ள முடியும். நாம்தான் நம்ப வேண்டும்.

எங்கள் பதிவேட்டில் ‘தாமதத்துக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அன்று நான் அவளிடம் கேட்டு அதை நிரப்பியிருக்கலாம். வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன்.