தலையைத் திருப்பிப் பார்!

பெர்ன்ஹில்! உதகையை ஒட்டி, மைசூர் மன்னரின் கோடை மாளிகை கொலுவிருக்கும் மேடு. பெரணிச் செடி படர்ந்த குன்று என்பதுதான் பெயரின் பொருள். வந்தவன் பெரணியைப் பார்த்தான், பெயரைச் சூட்டினான். சற்றுத் தள்ளிய சரிவுக்கு லவ்டேல் என்றான். அந்தப் பெயர்களைத்தான் இன்றும் நாம் அஞ்சல் உறையிலே எழுதுகிறோம். பெயரிடுவது குற்றமா என்று கேட்பீர்கள். குற்றமில்லை, தோழர்களே! ஏற்கெனவே பெயரிட்டு, எருமை மேய்த்து, பாட்டுக் கட்டி வாழ்ந்தவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதை மறக்கடிப்பதுதான் குற்றம்.

"உதகையைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று கேட்டால், நம் பள்ளிச் சிறுவன் இமை கொட்டாமல், "ஜான் சல்லிவன்!" என்பான். மதிப்பெண்ணும் கிடைக்கும். 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்புவின் கையிலிருந்த இம்மலை கும்பெனியின் கைக்குப் போயிற்று. கோவைக் கலெக்டர் சல்லிவன் 1819இல் மலையேறினார். 1822இல் உதகையிலே கல் வீடு கட்டத் தொடங்கினார். அந்த வீடு இன்று அரசு கலைக்கல்லூரி வளாகத்துக்குள் நிற்கிறது. இவையெல்லாம் உண்மை. ஆனால், அவர் மூச்சிரைக்க ஏறி வந்ததை மேட்டிலே நின்று பார்த்துக்கொண்டிருந்தானே ஒரு தோடன், அவன் என்ன கண்டுபிடித்தான்? சல்லிவனைக் கண்டுபிடித்தான் என்று எழுதினால் தவறாகுமா? வேடிக்கை என்னவென்றால், இந்த நிலம் தோடருக்கு உரியது என்று மேலிடத்தோடு வாதாடியவரும் அதே சல்லிவன்தான். அவர் வாதம் வினாவிடை ஏட்டிலே இல்லை. "கண்டுபிடித்தார்" என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கிறது.

இந்தச் சொல்லை, இது போன்ற நூறு சொற்களை, பிள்ளைகளின் உள்ளத்திலிருந்து எப்படிப் பெயர்த்தெடுப்பது? இதற்கு ஒரு மருந்து வந்திருக்கிறது என்கிறார்கள். மெய்நிகர்க் கண்ணாடி! முகத்திலே கட்டிக்கொண்டால் வகுப்பறை மறைகிறது. வேறோர் இடமும் வேறொரு காலமும் நம்மைச் சூழ்ந்துகொள்கின்றன. ஆதிக்கக்காரன் வரைந்து வைத்த பொய்யுருவங்களை இதனால் உடைத்தெறியலாம். படித்தால் நம்பாத பிள்ளை பார்த்தால் நம்புவான் என்பது அவர்கள் வாதம்.

"பார்த்தால் நம்புவான்" என்ற அந்தச் சொல்லில்தான் எனக்கு ஐயம் பிறக்கிறது. பார்த்ததை நம்பியதால்தானே இத்தனையும் வந்தது!

சீரங்கப்பட்டணம் வீழ்ந்த மறு ஆண்டு, 1800இல், இலண்டன் மாநகரில் லைசியம் அரங்கிலே ஓர் ஓவியம் காட்சிக்கு வந்தது. சுவரிலே மாட்டும் ஓவியமன்று. ஏறத்தாழ 120 அடி நீளத் திரை, பார்ப்போரை அரைவட்டமாய் வளைத்து நின்றது. கோட்டை இடிகிறது, புகை எழுகிறது, செஞ்சட்டைச் சிப்பாய் ஏறுகிறான், திப்புவின் வீரர் சரிகிறார்கள். அதன் நடுவிலே போய் நின்ற சீமாட்டிகள் சிலர் மயங்கி விழுந்தனர் என்றுகூடச் சொல்வார்கள். தீட்டியவர் இராபர்ட் கெர் போர்ட்டர். இருபது வயதைக் கடந்து சில ஆண்டுகளே ஆன இளைஞர். ஆறே வாரத்தில் முடித்தார் என்பர். இந்திய மண்ணை அவர் மிதித்ததே இல்லை! ஆயினும் என்ன? பார்த்தவர் அனைவரும் "நான் சீரங்கப்பட்டணத்திலே நின்றேன்" என்று வீடு திரும்பினார்கள். நின்ற இடத்திலிருந்து அவர்கள் பார்த்தது வெற்றியை மட்டுமே.

அடுத்து வந்தது இரட்டைப் படக் கண்ணாடி. ஒரே காட்சியைச் சிறிது விலகிய இரு கோணங்களில் எடுத்து, ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொரு படத்தைக் காட்டினால், மூளை இரண்டையும் பிணைத்து ஆழத்தை உண்டாக்கிக்கொள்ளும். இன்றைய மெய்நிகர்க் கண்ணாடிக்கும் இதுவே அடிப்படை. அமெரிக்காவின் அண்டர்வுட் நிறுவனம் இத்தகைய படங்களைப் பெட்டி பெட்டியாய் விற்றது, பள்ளிக்கூடங்களுக்கும் விற்றது. அதற்காக உலகம் சுற்றிய ஜேம்ஸ் ரிக்கால்டன் ஒரு பள்ளி ஆசிரியர். அவரது இந்தியப் பயணப் படங்களுக்கான நூல் 1907இல் வந்தது. அதிலே வரைபடம் இருக்கும். நீ இங்கே நிற்கிறாய், இத்திசையை நோக்குகிறாய் என்று கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். என்ன அக்கறை! ஆனால் ஒன்று: அந்தக் கோட்டுக்கு வெளியே நீ பார்க்க முடியாது. திரும்பினால் உன் வகுப்பறைச் சுவர்தான்.

ஆக, "அங்கேயே நிற்பது போன்ற" வித்தை ஆதிக்கத்தின் பகைவனாகப் பிறக்கவில்லை. அதன் மடியிலே தவழ்ந்த பிள்ளை. இப்போது அந்தப் பிள்ளையை நம் பக்கம் இழுக்கப் பார்க்கிறோம். இழுக்கலாம். ஆனால், குணம் அறியாமல் இழுத்தால் தொல்லை.

இனி, மீண்டும் மலைக்கு வருவோம். 1873இல் இலண்டனில் ஒரு நூல் வெளியாயிற்று. மார்ஷல் என்ற படைத்துறை அதிகாரி எழுதியது. 'தோடரிடையே ஒரு மண்டையோட்டுக் குறி வல்லுநர்' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். மண்டையின் மேடு பள்ளங்களைத் தடவிப் பார்த்து, இவன் அன்பன், இவன் கோழை, இவன் இன்ன அளவு அறிவுடையோன் என்று சொல்லும் குறி சாத்திரம் அது! கையைப் பார்த்துக் குறி சொல்பவளை மூடநம்பிக்கைக்காரி என்கிறோம். தலையைத் தடவிக் குறி சொன்னவர் ஆராய்ச்சியாளராகிவிட்டார். மலைமக்களை உட்கார வைத்தார், அளந்தார், படத்தோடு அச்சேற்றினார்.

அதே நூலின் இறுதியில் தோடர் மொழியின் இலக்கணச் சுருக்கம் ஒன்று உண்டு. எழுதியவர் யார் தெரியுமா? நம் போற்றுதலுக்குரிய ஜி.யு.போப்! குறளை ஆங்கிலமாக்கிய அதே போப். ஒரே அட்டைக்குள், முற்பகுதியிலே தலையை அளந்து தாழ்த்துகிறார் ஒருவர். பிற்பகுதியிலே, அந்தத் தலைக்குள் இருக்கும் மொழிக்கு ஒழுங்கான இலக்கணம் உண்டு, அது நம் தென்மொழிக் குடும்பத்தது என்று எழுதுகிறார் மற்றொருவர். வகுப்பிலே அந்த இரண்டு பகுதியையும் அருகருகே விரித்து வைத்தாலே போதும், அரைப் பாடம் முடிந்துவிடும் என்பது என் எண்ணம். கண்ணாடிகூட வேண்டாம்.

இகழ்ச்சி மட்டுமே பொய்யுருவம் என்று எண்ணிவிடாதீர்கள், புகழ்ச்சியும் பொய்யுருவமே. தோடரின் உயரத்தையும் மூக்கையும் தாடியையும் போர்வையையும் கண்டு, உரோமர் என்றனர் சிலர். யூதரின் தொலைந்துபோன குலம் என்றனர் சிலர். சித்தியர் என்று சாதித்தார் காங்கிரீவ், 1847இல். இந்த மண்ணின் மக்கள் இவ்வளவு எடுப்பாக இருக்கமாட்டார்கள் என்பதுதானே அந்தப் புகழ்ச்சியின் உட்கிடை? தோடரை உச்சியில் ஏற்றிய அதே கை, இரும்படித்து, பானை வனைந்து, இசை முழக்கிய கோத்தரை அழுக்கர் என்று எழுதிற்று; குறும்பரைச் சூனியக்காரர் என்று எழுதிற்று. இந்தச் சூனியப் பழி மலையிலே முன்பே இருந்தது. வெள்ளையர் அதை ஏட்டிலேற்றி உறுதிப்படுத்தினர். அப்பழிக்காகக் குறும்பர்கள் கொல்லப்பட்ட கொடுமைகள் 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகளிலேயே உள்ளன. சொல் கொல்லும் என்பது உவமையன்று.

சரி, இன்றைய கண்ணாடி என்ன செய்யலாம்? "பரிவு பிறப்பிக்கும் பொறி" என்று 2015இல் ஓர் அமெரிக்கப் படைப்பாளி இதற்குப் பட்டம் சூட்டினார். அதைக் கேட்டு மயங்கிய சிலர், பிள்ளையை அளக்கப்படும் தோடனின் இடத்திலே உட்கார வைத்துவிடலாம் என்பார்கள். அளவுகோல் கண்ணருகே வருகிறது, குளிர்ந்த இரும்பு நெற்றியைத் தொடுகிறது, பிள்ளை நடுங்குகிறான், பாடம் முடிந்தது! எனக்கு இது உவப்பாக இல்லை. ஐந்து நிமிடம் அவமானத்தைச் சுவைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, மணியடித்ததும் விளையாடப் போகிறவனுக்கு, கழற்ற முடியாத அவமானத்தைச் சுமந்தவனைப் புரிந்துவிட்டது என்று யார் சொன்னது? "எனக்குத் தெரியும், நான் அனுபவித்திருக்கிறேன்" என்ற புதிய செருக்குத்தான் மிஞ்சும். இலண்டன் அரங்கிலிருந்து திரும்பியவர்களும் அதைத்தானே சொன்னார்கள்!

வேறு வழி காட்டியோரும் உளர். ஆஸ்திரேலியாவில் 1950களில் பிரிட்டன் நடத்திய அணுகுண்டுச் சோதனையைக் கண்ணால் கண்ட பழங்குடி முதியவர் நியாரி மார்கன். அவர் கதையை லினெட் வால்வொர்த் 2016இல் மெய்நிகர்ப் படமாக்கினார். அதில் முதியவரின் நிலத்துக்கு நாம் அவருடைய விருந்தினராகப் போகிறோம், அவராக மாறிவிடுவதில்லை. 2022இல் வந்த 'சைல்டு ஆஃப் எம்பயர்' படத்தில், 1947 பிரிவினையில் எதிரெதிர்த் திசையில் இடம்பெயர்ந்த இரு முதியவர்கள் தம் கதையைச் சொல்ல, நாம் உடன் செல்கிறோம். உடன் செல்வது வேறு, உடலுக்குள் புகுவது வேறு. இந்த வேறுபாடு சிறிது போலத் தோன்றும். எனக்கு இதுதான் முழுப் பாடமாகவும் தோன்றுகிறது.

பழைய கருவிகளுக்கில்லாத ஓர் ஆற்றல் இப்புதுக் கருவிக்கு உண்டு. திரும்பலாம்! லைசியம் ஓவியத்திலே திரும்பினால் வாயிற்கதவு. இரட்டைப் படத்திலே திரும்பினால் சுவர். இதிலே திரும்பினால், காட்சியை ஆக்கியவன் விரும்பினால், படம் எடுத்தவனையே பார்க்கலாம்.

ஒரு மந்தின் முற்றம் என்று வைத்துக்கொள்வோம். 1870களின் தொடக்கம். எதிரே, வில்லாய் வளைந்த கூரையும், குனிந்து தவழ்ந்து நுழையும் வாயிலும் கொண்ட வீடு. அதன் முன்னே பூத்தையல் போட்ட புத்துக்குளியைப் போர்த்து ஒரு முதியவர் அமர்ந்திருக்கிறார். பழைய நூல்களில் கண்ட அதே படம். இப்போது ஆசிரியர் சொல்கிறார்: "தலையைத் திருப்பிப் பார்!" பின்னால் முக்காலியும் கறுப்புத் துணியும். அசையாதே என்று கை காட்டும் படப்பிடிப்பாளர். குறிப்பேட்டோடு அதிகாரி. அவருக்கருகே, துரை சொன்னதைத் திருப்பிச் சொல்ல ஒருவன். பெட்டியைச் சுமந்து வந்தவன் ஒருவன். அந்த இருவரும் யார்? அவர்கள் முகம் நம் முகம் போல இருக்கிறதே!

அங்கேதான் பாடம் சுடத் தொடங்கும். வெள்ளையனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது, அவன் போய்விட்டான். கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளைத் திருந்தியவை, திருந்தாதவை என்று இரண்டாகப் பிரித்தார். தோடமும் கோத்தமும் திருந்தாதவற்றில் விழுந்தன. அவர் செய்த தொண்டு பெரிது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பாகுபாட்டை நாமும் நம் மொழிநூல்களில் "திருந்தா மொழிகள்" என்றே எழுதி, பிள்ளைகளை உருப்போட வைத்தோமே, அதற்கு யார் பொறுப்பு? அந்தத் திருந்தா மொழியின் பாடல்களைக் கேட்டெழுதவே எமனோ என்ற அறிஞர் 1930களில் இம்மலைக்கு வந்தார். 1971இல் அவற்றைப் பெரு நூலாக வெளியிட்டார். வடமொழி ஏற்றம் பேசி நம்மைத் தாழ்த்தியோரிடம் நாம் எழுப்பிய வினா இருக்கிறதே, அதை ஒரு தோட இளைஞன் நம்மிடம் எழுப்பினால் என்ன விடை வைத்திருக்கிறோம்?

இன்னொரு சிக்கல், பகுத்தறிவாளருக்கே உரியது. தோடரின் பால்மடம் அவர்களுக்குப் புனிதம். கண்டவரும் நுழைய முடியாது. "பூட்டிய கதவெல்லாம் திறக்க வேண்டும் என்றவர்கள் அல்லவா நாம்? கருவியை உள்ளே கொண்டு போனால் என்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். நாம் திறக்கச் சொன்ன கதவு, நம்மைத் தாழ்த்துவதற்காகப் பூட்டிய கதவு. இந்தச் சிறு வாயில் யாரையும் அடிமையாக்கப் பூட்டியதன்று. அதற்குள் நம் கண்ணாடியைத் திணிப்பது சமத்துவமாகாது. தாவரவியல் பூங்காவுக்கு மேலுள்ள மந்தில், கேட்காமல் எட்டிப் பார்க்கும் சுற்றுலாக்காரனின் வேலை. தோடப் பெண்ணுக்கும் அந்தப் பால்மடத்தில் இடமில்லை என்பது உண்மை. அதைக் கேட்கும் உரிமை முதலில் அவளுக்கு. அவள் கேட்கும்போது துணை நிற்பது நமக்கு. முன்னதாகவே படம்பிடித்து விற்பது எவருக்கும் இல்லை.

ஆகவே, கருவி வாங்கப் போகும் கல்வியாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். கண்ணாடிக்கு விலை பேசுமுன், காட்சியை யார் எழுதுவது என்று பேசினீர்களா? தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு பழங்குடிகள் வாழும் மாவட்டம் இது. அவர்களுள் படித்த இளைஞர் உண்டு. எந்த முற்றத்தைக் காட்டலாம், எதைக் காட்டலாகாது, யார் குரலில் சொல்வது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். நாம் கம்பி இணைப்போம், மின்சாரம் தருவோம்.

கண்ணாடி வாங்கப் பணமில்லாத பள்ளிகள் காத்திருக்கவேண்டாம். பழைய நூலிலிருந்து ஒரு படத்தை எடுத்துப் படியாக்கிப் பிள்ளைகள் கையிலே கொடுங்கள். "படத்துக்கு இப்பால் நின்றவர்கள் யார் யார்? எழுதுக" என்று கேளுங்கள். அதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை மட்டும், "சல்லிவன்" என்ற விடைக்குக் கொடுத்ததைவிடச் சற்றுக் கூடுதலாக வையுங்கள்.