கொலையின்றி அழியும் இனம்

ஊவா மாகாணத்தின் பதுளை, ஹாலி-எல, பசறை, லுணுகலைப் பகுதித் தோட்டங்களில் லயன் வீடுகளுக்குப் பின்னால் மாட்டுப்பட்டி கட்டி, புல்லறுத்துப் போட்டு ஓரிரு பசுக்களை வளர்க்கும் மலையகத் தமிழ்க் குடும்பங்களிடம் இன்று இருப்பவை பெரும்பாலும் ஃபிரீசியன், ஜெர்சி, அயர்ஷயர் ஆகிய ஐரோப்பிய இனங்களின் கலப்பில் பிறந்தவை. சிற்றுடலும் திமிலும் பல நிறங்களும் கொண்டு, வெயிலையும் உண்ணியையும் தாங்கி, குறைந்த தீனியில் வாழ்ந்து, சிறிதளவே பால் தரும் இலங்கையின் நாட்டு மாடு மலைநாட்டில் அரிதாகி வருகிறது. இந்த இழப்பை எந்த அறத்தின் பெயரால் தவறு என்று சொல்வது என்பதே இங்கு எழும் வினா.

இம்மண் வேறு வகையான அழிவையும் அறிந்திருக்கிறது. 1817-18இல் ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சியை அடக்கிய பிரித்தானியப் படையினர் வயல்களையும் வீடுகளையும் எரித்ததோடு கால்நடைகளையும் கொன்றனர். அது பாவம் என்பதில் சைவருக்கும் பௌத்தருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. இன்றைய அழிவில் கத்தி இல்லை. மக்கள் ‘ஊசி போடுதல்’ என்று சொல்லும் செயற்கை முறைச் சினைப்படுத்தல் வழியே, தலைமுறைக்குத் தலைமுறை நாட்டுக் குருதி பாதி பாதியாகக் குறைகிறது. எந்தப் பசுவும் துன்புறுத்தப்படுவதில்லை, எந்தச் சீலமும் மீறப்படுவதில்லை, ஆயினும் ஓர் இனம் இல்லாமற் போகிறது. கொல்லாமையை உயிர் உயிராகவே எண்ணிப் பழகிய அறநெறி இந்த அழிவைக் காண்பதில்லை.

இனம் என்ற ஒன்று உண்மையில் உண்டா என்ற கேள்வியை இந்திய மெய்யியல் பசுவை வைத்தே நெடுங்காலம் விவாதித்தது. நியாய, வைசேடிகர்கள் எல்லாப் பசுக்களிலும் ‘கோத்துவம்’, அதாவது பசுத்தன்மை, என்ற ஒரே பொதுமை உறைகிறது என்றும், அது தோன்றுவதோ அழிவதோ இல்லை என்றும் கொண்டனர். திக்நாகரும் தர்மகீர்த்தியும் அதை மறுத்து, உள்ளவை தனித்தனிப் பசுக்களே, பொதுமை என்பது பிறவற்றை விலக்கி மனம் அமைத்துக்கொள்ளும் கருத்தே என்றனர். இலங்கையில் நிலைபெற்ற தேரவாதமும் இத்தகையவற்றைப் ‘பஞ்ஞத்தி’, அதாவது வழக்கிலுள்ள கருத்து, என்றே கொள்ளும். முதல் கொள்கையின்படி இனம் அழியவே முடியாது. இரண்டாவதன்படி அழிவதற்கு இனம் என்று ஒன்று இல்லை. இரண்டில் எதைக் கைக்கொண்டாலும் நாட்டு மாட்டின் மறைவுக்காக வருந்தக் காரணம் கிடைப்பதில்லை.

ஆனால் பௌத்தத்திலேயே ‘சந்தானம்’ என்ற வேறொரு கருத்து இருக்கிறது: முன்னது காரணமாகப் பின்னது தோன்றி, மாறிக்கொண்டே தொடரும் ஓட்டம். அது ஒருவரின் உணர்வோட்டத்தை விளக்க எழுந்ததாயினும், தாய்ப்பசுவிலிருந்து கன்றுக்கு இறங்கிவரும் மரபுக்கு அதை நீட்டிப் பார்ப்பதில் முரண் இல்லை. அப்படிப் பார்த்தால் இனம் என்பது நித்தியப் பொருளும் அன்று, வெறும் சொல்லும் அன்று. அறுந்தால் மீண்டும் தொடங்க முடியாத காரண காரியத் தொடர். சைவ சித்தாந்தம் இன்னொரு வழியில் இதே இடத்துக்கு வருகிறது. உயிர் வினைப்பயனை நுகர்ந்து பக்குவப்படுவதற்காக இறைவன் தனு, கரணம், புவனம், போகம், அதாவது உடல், கருவி, உலகம், நுகர்பொருள் ஆகியவற்றைத் தருகிறான் என்பது மெய்கண்டார் மரபின் கொள்கை. ஒரு வகை உடலையே உலகிலிருந்து நீக்குவது, எந்த உயிரையும் கொல்லாவிடினும், உயிர்களுக்கு அருளப்பட்ட இடங்களுள் ஒன்றை அடைப்பதாகும். 1992ஆம் ஆண்டின் உயிர்ப்பல்வகைமைச் சமவாயம் தன் முகவுரையில் பல்வகைமைக்கு உள்ளார்ந்த மதிப்பு உண்டு என்று கூறியதைவிட இது ஆழமான காரணம்.

ஆயினும் காப்பதற்கும் விலை உண்டு. நாட்டுப் பசுவின் சிறிதளவு பால் வீட்டுச் செலவுக்கு எட்டாது. காளைக் கன்றுக்குத் தீனி போட வழியின்றேல் அது இறைச்சிக்கே போகும். பட்டி நிற்கும் நிலமும் பெரும்பாலும் தோட்டத்துக்கு உரியது. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்திடம் தன் வருவாயைத் துறந்து இனத்தைக் காக்கும்படி கேட்பது அறமாகாது. அச்சுமையை ஏற்க வேண்டியவை கோயிலும் விகாரையுமே.

அதற்கான முறை நேர்ந்துவிடும் மரபிலேயே இருக்கிறது. தோட்டங்களில் முனியாண்டிக்கும் மாடசாமிக்கும் நேர்ந்துவிடப்படும் சேவலும் கடாவும் பலியில் முடிவதுண்டு. கோயில்களில் பலியிடுவதைத் தடை செய்யும் யோசனைக்கு 2018இல் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தமிழகக் கிராமங்களிலோ நேர்ந்துவிட்ட கோயில் காளையை ஏரில் பூட்டுவதில்லை, விற்பதில்லை. அது ஊர்ப் பசுக்களோடு சேர்ந்து மரபைத் தொடரச் செய்து, முதுமையில் இறக்கிறது. அங்கே ஓர் உயிரின் நலமும் இனத்தின் நலமும் ஒரே நேர்ச்சைக்குள் அடங்குகின்றன. பௌத்தர்கள் இறைச்சிக்குப் போகும் மாடுகளை மீட்டு, விற்கக் கூடாது என்ற உறுதியின் பேரில் ஏழைக் குடும்பங்களுக்கு அளிக்கும் அபயதானமும் இதற்கு மிக நெருங்கியது. அது எந்த மாட்டை மீட்பது, யாருடைய பசுக்களோடு சேர்ப்பது என்பதை மட்டும் இதுவரை எண்ணியதில்லை.

பதுளை மாவட்டத்துக் கோயில் அறங்காவலர்களும் அபயதானம் செய்வோரும், அடுத்த முறை ஒரு காளைக்குப் பணம் கொடுக்கும்போது நாட்டுக் காளையைத் தேடி எடுக்க வேண்டும். அதன் தீனிச் செலவைத் தாங்களே ஏற்க வேண்டும். அதன் பெண் கன்றுகளே சினைப் பருவம் எய்தும் மூன்று ஆண்டளவில், குருதி நெருங்கிவிடாதபடி அதை வேறொரு தோட்டத்துக்கு மாற்ற வேண்டும்.