தேவை எது? எழில் எது?

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று நம் முன்னோர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவைத்தார்கள். கட்டிய வீட்டைப் புதுப்பிப்பதைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையில் அதுதான் கடினமானது. புதிதாகக் கட்டுகிறவனுக்கு முன்னால் வெற்று மனை கிடக்கிறது. புதுப்பிக்கிறவனுக்கு முன்னாலோ தந்தை நட்ட தூணும், தாய் நாற்பதாண்டுக் காலம் நின்று சமைத்த மூலையும், பாட்டனார் வந்தோர்க்கெல்லாம் இடம் கொடுத்த திண்ணையும் நிற்கின்றன. ஒவ்வொன்றையும் வைப்பதா, எடுப்பதா என்று தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். கொத்தனார் கேட்கும் கேள்விகள் செங்கல்லையும் சிமெண்டையும் பற்றியவையாகத் தோன்றும். அவற்றுள் பாதி அறத்தைப் பற்றியவை என்பது கூலி கொடுத்து முடித்த பிறகே நமக்குப் புலனாகிறது.

சேர்வராயன் மலையில், ஏற்காடு ஒன்றியத்தைச் சேர்ந்த மாரமங்கலம் போன்ற ஊர்களை இக்கேள்விக்கு உரைகல்லாகக் கொள்ளலாம். பட்டணத்து வீடுகளில் தேவையும் ஆடம்பரமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் பிரித்தறிவது அரிது. மலையூரில் மழையே நீதிபதி. ஆண்டுக்கு ஏறத்தாழ 1500 மில்லிமீட்டர் மழை பொழிகின்ற மலை அது. தென்மேற்குப் பருவமும் நனைக்கும். வடகிழக்குப் பருவமும் நனைக்கும். இடையிடையே மேகம் வாசல் வழியே உள்ளே வந்து உட்காரும். அங்கே பிழையாகச் செய்த கூரை ஒரு பருவத்துக்குள் தன் பிழையைச் சொல்லிவிடும்.

அம்மலையின் தொல்குடிகளான மலையாளி மக்கள் நெடுங்காலம் மூங்கில் தட்டிக்கு மண் அப்பிச் சுவரெழுப்பி, மேலே புல் வேய்ந்து வாழ்ந்தவர்கள். அவ்வீட்டின் தரையைச் சாணமிட்டு மெழுகும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவள் செய்வது தேவையா, எழிலா? மெழுகுவதால் மண்தரையின் புழுதி அடங்குகிறது, வெடிப்பு மூடிக்கொள்கிறது. அதே கைவீச்சில் தரைக்கு ஓர் அழகும் வந்துவிடுகிறது. அழகுக்கென்று அவள் தனியே ஒரு காசு செலவழிக்கவில்லை. செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சும் இவ்வாறே. பளிங்குபோல் மின்னும் அச்சுவர் வெயிலில் குளிர்ச்சி தருகிறது. ஈரத்தை வாங்கி வெளிவிடுகிறது. ஆத்தங்குடிக் கல்லும் இவ்வாறே. கண்ணாடிப் பலகையின்மீது கையால் வண்ணம் ஊற்றி வார்க்கப்படும் அக்கல், மனிதர் கால் பட்டுப் பட்டே மெருகேறுவது. பழைய வீடுகளில் எழில் என்பது தேவையை ஒழுங்காகச் செய்ததன் கூலியாகக் கிடைத்தது. இன்று நமது மதிப்பீட்டுப் பட்டியலில் அது தனி வரியாக, அதுவும் கடைசி வரியாக அன்றி முதல் வரியாக, ஏறிவிட்டது.

ஆனால் பழமையைப் பாடிவிட்டுப் போவது நமது நோக்கமன்று. புல்வேய்ந்த கூரையை ஏன் அம்மக்கள் கைவிட்டார்கள்? சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி வேய்ந்தாக வேண்டும். புல்லும் ஆளும் வேண்டும். தீப்பொறி ஒன்று போதும், வீடே போய்விடும். இன்னொரு காரணம் சற்று வியப்பானது. அக்கூரையை நீடித்து நிற்கச் செய்ததே அடுப்புப் புகைதான். புகை ஏறி ஏறிக் கருத்த மூங்கிலைப் பூச்சி அரிக்காது, ஈரம் தங்காது, பரணில் வைத்த சாமையும் கேழ்வரகும் கெடாது. புகைபோக்கி வைத்தாலோ, எரிவாயு அடுப்பு வந்தாலோ கூரை விரைவில் மட்கத் தொடங்கிவிடும். எனவே அந்தக் கூரையின் ஆயுள், கீழே குனிந்து ஊதிய பெண்ணின் நெஞ்சிலிருந்து கடனாக வாங்கப்பட்டது என்று சொன்னால் தவறில்லை. வீட்டுப் புகையினால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் உயிர்கள் பறிபோயின என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மரபு அழகானதுதான், அதன் விலையை யார் கொடுத்தார் என்று கேளாமல் அதைப் புகழ்வது நேர்மையாகாது.

இதனிடையே ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். மலைவாழ் மக்கள் புல்லை நீக்கிக் கான்கிரீட் போட விழைகின்ற அதே காலத்தில், மலைவாசஸ்தலங்களின் விடுதிக்காரர்கள் கான்கிரீட் கூரையின்மேல் புல் வேய்ந்து வாடகையை உயர்த்துகிறார்கள்! ஒரே கூரை ஒருவனுக்கு வறுமையாகவும் மற்றொருவனுக்கு அலங்காரமாகவும் இருக்கிறது. வேறுபாடு புல்லில் இல்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதில் இருக்கிறது.

எகிப்து நாட்டின் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹி 1940-களின் நடுவில் லக்ஸர் அருகே புதிய குர்னா என்னும் ஊரை மண்கல்லால் எழுப்பினார். குவிமாடம், முற்றம், காற்றை இழுக்கும் அமைப்பு என்று ஒவ்வொன்றும் பாலைவனத்து வெப்பத்துக்கு ஏற்றவை, ஏழைக்குக் கட்டுபடியாகக் கூடியவை, கண்ணுக்கும் இனியவை. 1980-இல் ஆகா கான் கட்டடக்கலை விருதுக் குழுவின் தலைவர் விருது அவருக்கு வழங்கப்பெற்றது. ஆயின் யாருக்காக அவ்வூர் கட்டப்பட்டதோ அம்மக்கள் குடிபோக மறுத்துவிட்டார்கள். பண்டைக் கல்லறைகளை ஒட்டியிருந்த பழைய ஊரிலேதான் அவர்கள் பிழைப்பு இருந்தது. குவிமாடமோ அவர்கள் கண்ணுக்கு அடக்கத்தலத்தின் அடையாளமாகப் பட்டது என்றும் சொல்வர். வெளியார் பார்வையில் எழிலும் தேவையும் ஒருங்கே பொருந்திய வீடு, வாழ வேண்டியவன் பார்வையில் இரண்டுமாக இல்லாமற் போயிற்று.

நம் சட்டக்கலை அறிஞர்கள் இவ்விடத்தில் நமக்கு ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும், அவர்களுக்குப் பின் கர்னாத்தாவில் வாழ்ந்து 1388-இல் மறைந்த இமாம் ஷாத்திபி (ரஹ்) அவர்களும், மனித நலன்களை மூன்று படிகளாக வகுத்தார்கள். இன்றியமையாதவை, ளரூரிய்யாத், இல்லாவிடில் வாழ்வு இடுக்கணுறும் தேவைகள், ஹாஜிய்யாத், வாழ்வைச் செம்மைப்படுத்தும் எழில்கள், தஹ்ஸீனிய்யாத். இதில் நாம் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. மூன்றாவது படியை அவர்கள் வெளியே தள்ளிவிடவில்லை. தூய்மை, உடைநாகரிகம், நன்னடை போன்றவற்றை அப்படியில்தான் வைத்தார்கள். எழில் என்பது ஆடம்பரத்தின் மறுபெயரன்று. அது ஒழுக்கத்தின் உறவினர். அவர்கள் விதித்த கட்டுப்பாடு வேறு: மேற்படியைச் செப்பனிடுவதற்காக அடிப்படியை உடைக்கலாகாது.

இவ்வளவுகோலைக் கொண்டு நம் ஊர் வீடுகளைச் சற்று நோக்குவோம். புதுப்பித்தல் என்றதும் பணம் எங்கே முதலில் பாய்கிறது? முகப்பில், வரவேற்பறையில், அதாவது, ஆண்டில் சில மணி நேரம் விருந்தினர் வந்து அமரும் இடத்தில். நாளில் பாதியை ஒருத்தி கழிக்கும் சமையற்கட்டுக்குச் சன்னல் இல்லை. தொழுகைக்கு ஒளூச் செய்யப் போகும் முதியவரின் காலுக்குக் கீழே வழுவழுப்பான பளிங்கு ஓடு! குளியலறைக்கு இறங்கும் இரண்டு படிகளுக்குப் பக்கத்தில் கைப்பிடி இல்லை. கூடத்தின் மேற்கூரையிலோ ஜிப்சப் பூக்கள் மலர்ந்திருக்கின்றன. இவையெல்லாம் பணமில்லாமையால் வந்த குறைகள் அல்ல. கொத்தனாரோடு பேசியவர் ஒருவர், அந்த வீட்டில் நாள் முழுதும் புழங்குபவர் வேறொருவர் என்பதால் வந்தவை. வீட்டுப் பெண்களையும் முதியோரையும் அருகில் அமர்த்தி, ‘உங்களுக்கு எங்கே இடிக்கிறது?’ என்று கேட்டுவிட்டுப் பட்டியல் போடும் குடும்பத் தலைவர்கள் எத்தனை பேர்?

அயலாரின் உரிமை அடுத்தது. கி.பி. 14-ஆம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் வாழ்ந்த இப்னுர் ராமீ என்னும் கட்டடக் கலைஞர், கட்டடச் சட்டங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். தீங்கு செய்யாதே, தீங்குக்குத் தீங்கும் செய்யாதே என்னும் நெறியைச் சுவருக்கும் சன்னலுக்கும் சாக்கடைக்கும் பொருத்திக் காட்டிய நூல் அது. 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசு தொகுத்து வெளியிட்ட மஜல்லா சட்டத்தொகுப்பில் இதன் நுட்பத்தைக் காணலாம். அயலான் எழுப்பிய கட்டடத்தால் நம் வீட்டுக்குக் காட்சி மறைந்தது, காற்று குறைந்தது என்பது அதன்படி பெருந்தீங்காகாது. ஆனால் உள்ளே எழுத்தைப் படிக்க முடியாத அளவுக்கு ஓர் அறை இருண்டுபோனால் அது பெருந்தீங்கு, நீக்கச் சொல்லலாம். அவ்வாறே, பெண்கள் புழங்கும் சமையற்கட்டும் கிணற்றடியும் முற்றமும் பிறர் பார்வையில் படுமாறு சன்னல் திறப்பதும் பெருந்தீங்கு. எது எழில், எது தேவை என்பதை வழக்குமன்றத்தில் வைத்து அளந்திருக்கிறார்கள்! காயல்பட்டினத்தில் பெண்கள் நடமாட்டத்துக்கென்று வீடுகளின் பின்னே முடுக்குகள் விட்டு ஊரமைத்த நம்மவர்க்கு இது புதிதன்று. இன்று மேல்மாடி எடுக்கும்போது அடுத்த வீட்டு முற்றம் நம் சன்னலுக்குத் தெரிகிறதா என்று யார் பார்க்கிறார்கள்? திண்ணையைக் கம்பியிட்டு அடைத்துக் காரை நிறுத்துகிறோம். தெருவில் களைத்து வந்தவன் அமர ஓரிடம் குறைந்தது என்பது எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

மீண்டும் மலைக்கே செல்வோம். 2011-இல் தமிழக அரசு அறிவித்த பசுமை வீடுகள் திட்டத்தில் வீட்டின் பரப்பு 300 சதுர அடி. தொடக்கத்தில் வழங்கிய தொகை 1.80 லட்சம் ரூபாய். 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி, தொகை 3.50 லட்சம். ஒழுகும் குடிசையில் இரவெல்லாம் பாத்திரங்களை மாற்றி மாற்றி வைத்தவனுக்கு இத்தகைய வீடு எத்துணைப் பெரிய அருள் என்பதை உணராமல் குறை சொல்லுதல் தகாது. எனினும் தட்டையான கான்கிரீட் தளம் மலைக்குப் பிறந்ததன்று. குளிர்ந்த இரவில் உள்ளிருப்போர் மூச்சும் உலையின் ஆவியும் தளத்தின் அடிப்புறத்தில் நீராய்த் திரண்டு சொட்டும். சுவர்மூலையில் பூஞ்சணம் படரும். 1865-இல் பாசல் மிஷனார் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் ஓடுகள் மேற்குக் கரையெங்கும் பரவியதற்கு மழைச் சரிவே காரணம்.

மாரமங்கலத்தில் ஒரு குடும்பம் இத்தகைய வீட்டைப் புதுப்பிக்க எண்ணுவதாகக் கொள்வோம். கையில் உள்ளதோ காப்பி பறித்துச் சேர்த்த சிறுதொகை. தளத்தின்மேல் சரிவான ஓட்டுக்கூரை வேண்டும். சன்னல்மேல் மழைத்தடுப்பு வேண்டும். வீட்டைச் சுற்றி நீர் வடியக் கால்வாய் வேண்டும். இம்மூன்றும் முதற்படி என்பதில் ஐயமில்லை. சமையற்கட்டுக்குப் புகைபோக்கி இரண்டாம் படியென்பார் சிலர். அதையும் முதற்படியிலேயே வைப்போம் நாம். ஆங்கிலேயராகப் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த லாரி பேக்கர், செங்கல்லை நிமிர்த்தி நடுவில் வெற்றிடம் விட்டு அடுக்கும் எலிப்பொறிக் கட்டினால் கல்லில் கால்பங்கு மிச்சமாவதைக் காட்டினார். சுவருக்குப் பூச்சே இல்லாமல் செங்கல்லின் நிறத்தையே அழகாக்கினார். அம்முறையில் மிச்சம் பிடித்தால் புகைபோக்கிக்கு வழி பிறக்கும்.

கடைசியில் சில ஆயிரம் மிஞ்சுகிறது. மூதாட்டி கழிப்பறைக்குச் செல்லும் சேற்றுவழிக்குக் கற்பலகை பாவுவதா, முன்சுவருக்கு வண்ணம் பூசுவதா? கற்பலகை என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் அவ்வீட்டில் மணவயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள்; பெண்பார்க்க வருவோர் முதலில் காண்பது முன்சுவரை. மேலும், தலைமுறை தலைமுறையாகப் பிறருடைய காப்பித் தோட்டத்துப் பங்களாக்களுக்கு வெள்ளையடித்த கைகள் தம் சுவருக்கு ஒரு நிறம் விரும்பினால் அதை ஆடம்பரம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அப்பெண்ணும் அம்மூதாட்டியும் ஒரு மாலை அமர்ந்து பேசட்டும். கற்பலகைக்குப் பணமும், முன்சுவருக்கு வீட்டாரே குழைத்துப் பூசும் சுண்ணாம்பும் செம்மண்ணும் என்று அவர்கள் முடிவுசெய்யக் கூடும். மூதாட்டியே, ‘எனக்குக் கோல் இருக்கிறது, சுவருக்கு வண்ணம் அடியுங்கள்’ என்று சொல்லிவிடவும் கூடும். அவ்வாறு சொன்னால் அன்று மாலையே ஒருவர் எழுந்து, அருகிலுள்ள ஓடையிலிருந்து நான்கு தட்டைக் கற்களையேனும் தூக்கி வந்து அவ்வழியில் போடவேண்டும்.