தீயும் ஊழும்

பூம்புகாரில் 1973இல் எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தின் சிற்பங்களைக் காண்போர்க்கு, 1942இல் ‘கண்ணகி’யாகவும் 1964இல் ‘பூம்புகார்’ ஆகவும் திரைகண்ட இக்காவியம், ஜப்பானியரான யூகோ சாகோவும் நம் ராம் மோகனும் இராமாயணத்தைச் சிரத்தையோடு அசையும் சித்திரமாக்கியதுபோல, வீரசாகசச் சித்திரப் படமாகவும் வரலாமே என்று தோன்றுவது இயல்பே.

ஆயினும், குற்றமின்றிக் கொலையுண்ட கணவன் கோவலனுக்காகக் கண்ணகி மதுரையை எரித்த தீயோடு படம் நின்றுவிடின், அது கோபத்தின் காட்சியாகுமேயன்றித் தர்மத்தின் விசாரணையாகாது; ஏனெனில், முதியோரையும் குழந்தைகளையும் விலக்கச் சொல்லித் தான் ஏவிய தீக்கே எல்லை வகுத்த கண்ணகியின் முன்வர அஞ்சிப் பின்னே நின்று, மதுரையின் காவல்தெய்வமான மதுராபதி, முற்பிறப்பில் பரதனாயிருந்த கோவலன் சங்கமன் என்னும் வணிகனை ஒற்றனென்று பழித்துக் கொலையுண்ணச் செய்த வினையையும், அவ்வணிகன் மனைவி நீலியின் சாபத்தையும் எடுத்துரைக்கிறது. குற்றமற்றவனே முன்வினைக்குரியவனும் ஆகிறான் என்னும் இந்தச் சங்கடமே காவியத்தின் ஜீவன். படமெடுக்க முன்வருவோர், வாள்வீச்சுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையேனும் மதுராபதிக்கு அளிக்க வேண்டுகிறேன்.