அச்சமும் அறமும்

அச்சத்தினாற் பிறந்த உதவியை அறம் எனக் கொள்ளலாமா? பழைமையான இவ்வினாவைக் கொவிட்-19 கொள்ளைநோய் மீண்டும் எழுப்பியது. 2020 மார்ச் 20ஆம் திகதி இலங்கையில் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது, வீட்டினுள் இருத்தலே குடிமக்கள் அனைவரதும் கடமையாயிற்று. வீடற்றவன் இக்கடமையை எங்ஙனம் ஆற்றுவான்? ஆற்ற இயலாததொன்று எவருக்கும் கடமையாகாது. ஆகவே, அவனுக்கு உறைவிடமளிக்கும் பொறுப்பு சமுதாயத்தையே சார்ந்தது. அவ்வாண்டு சென்னையில் மாநகராட்சிப் பாடசாலைகளும் சமுதாயக் கூடங்களும் தெருவோரத்தில் வாழ்ந்தோரின் புகலிடங்களாயின. ஆண்டாண்டாகக் கண்ணிற் படாதிருந்தோர் சில நாட்களிற் கண்ணிற் பட்டனர்.

இத்தகைய புகலிடங்களின் வரலாறு வத்தேகமவைச் சூழ்ந்த தோட்ட மக்களுக்கும் அந்நியமானதன்று. 1880இல் கண்டி - மாத்தளைப் புகையிரதப் பாதை வத்தேகம வழியாகத் திறக்கப்படுவதற்கு முன்னரே, அவர்களின் முன்னோர் கோப்பித் தோட்டங்களை நாடி மன்னாரிலிருந்து கால்நடையாக வந்தனர். கொலராவினால் வழியிலேயே மாண்டோர் பலர். அவ்வீதியில் தங்குகொட்டகைகளும் மருத்துவமனைகளும் அமைக்கப்பட்டன. அவற்றை எழுப்பியது இரக்கம் மட்டுமன்று. நோய் நகரங்களுக்குப் பரவிவிடும் என்ற அச்சமும், தோட்டங்களில் வேலையாட்கள் குறைந்துவிடுவர் என்ற கணக்கும் அதிற் கலந்திருந்தன.

அச்சத்தால் அளித்த சோறும் பசியைத் தீர்க்குமன்றோ எனச் சிலர் வினவலாம். தீர்க்கும், அதனை எவரும் இகழ்தல் தகாது. ஆனால், மனிதனை வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது என்றார் ஜெர்மானிய மெய்யியலாளர் இமானுவெல் கான்ற். நோயைச் சுமந்து திரியும் உடல் என்பதற்காகவே ஒருவனுக்குக் கூரை அளிக்கப்படின், அங்கே காக்கப்படுவது அவனல்லன். அவனைக் கண்டு அஞ்சும் ஏனையோரே. நோய் அகன்றதும் கூரையும் அகன்றுவிடும்.

வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. உள்ளிருப்பவன் தன் விருப்பப்படி திறக்கவும் தாழிடவும் கூடிய கதவே ஓரிடத்தை வீடாக்குகின்றது. கொள்ளைநோய்க் காலப் புகலிடத்தின் தாழ்ப்பாளோ வெளியில் நிற்பவர் கையில் இருக்கின்றது. உண்டியும் பாயும் பெற்றவன் ஆங்கே தன் சுதந்திரத்தை இழக்கின்றான்.

ஆதலின், ஒரு சமுதாயத்தின் அறத்தைக் கொள்ளைநோய்க் காலத்தில் அது திறந்த புகலிடங்களைக் கொண்டு அளவிடல் போதாது. நோய் நீங்கிய மறுநாள், அச்சம் ஒழிந்த பின்னர், அப்புகலிடத்திலிருந்து வெளியேறியவன் எங்கே உறங்கினான் என வினவுதல் வேண்டும். அவ்வினாவை எழுப்பத் தொடங்கும்போதே அச்சம் அறமாக மாறுகின்றது.