ஸ்லவுச் என்றொரு வசை

'ஸ்லவுச்' என்கிற ஆங்கிலச் சொல்லுக்குத் தோள் தொங்க, முதுகு வளைய, தொய்ந்துபோய் நிற்பது, உட்காருவது என்று பொருள். ஆனால் இச்சொல் பிறந்தபோது முதுகைச் சுட்டவில்லை. 16ஆம் நூற்றாண்டில் அது ஆளைத்தான் சுட்டியது: சோம்பேறி, ஒன்றுக்கும் உதவாத தடியன். இருநூறு வருஷம் கழித்து, 18ஆம் நூற்றாண்டில்தான் உடம்பின் மேல் வந்து ஒட்டிக்கொண்டது. வசை மூத்தது, முதுகு இளையது. இன்றைக்கும் ஒருவரைப் பாராட்ட, 'இதில் அவர் ஸ்லவுச் இல்லை' என்கிறார்கள். பாராட்டிலும் வசை விடவில்லை பாருங்கள்.

தமிழில் 'கூனிக் குறுகினான்' என்றால் உடனே கேள்வி எழும்: யாருக்கு முன்னால? துண்டைக் கக்கத்தில் இடுக்கி நின்றவர்களின் பிள்ளைகளுக்கு அதன் விடை தெரியும். ஸ்லவுச்சில் அந்த எதிராளியே கிடையாது. வளைந்தவன் மட்டும் தனியாக நிற்கிறான், குற்றமும் அவனுடையதாகிவிடுகிறது.

வளைவு எல்லோருக்கும் குற்றமுமில்லை. 1910களில் மேட்டுக்குடி இளம்பெண்கள் தோளைத் தொங்கவிட்டு, இடுப்பை முன்தள்ளி நின்றதற்கு 'டெபுடான்ட் ஸ்லவுச்' என்று பெயர். அது பேஷன். உழைக்காத முதுகு வளைந்தால் ஒயில் போலும்.

உழைக்கிற முதுகின் கதை வேறு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கீரை, பீட்ரூட் வயல்களில் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்களுக்குக் குட்டைப் பிடி போட்ட களைக்கொத்தைக் கொடுத்தார்கள். நம்ம பக்கத்துக் களைக்கொத்து மாதிரிதான், சின்னப் பிடி. நாள் முழுக்க இரண்டாய் மடிந்தே கிடக்கணும். நீளப் பிடி போட்டால் பயிர் கெட்டுவிடும் என்றார்கள் பண்ணைக்காரர்கள். மேஸ்திரிக்கோ இன்னொரு வசதியும் இருந்தது: தூரத்திலிருந்து பார்த்தாலே எவன் நிமிர்ந்திருக்கிறானோ அவன் வேலை செய்யவில்லை என்று தெரிந்துவிடும். அதாவது அங்கே நிமிர்ந்தவன்தான் சோம்பேறி. முதுகெலும்பு தேய்ந்துபோனதை மருத்துவர்கள் சாட்சி சொன்ன பிறகு, வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1975இல்தான் அந்தக் கருவிக்குத் தடை வந்தது.

அப்படி மடிந்தே முதுகு போனவர் கடைத்தெருவில் நேராக நடக்க முடியாமல் போனால் ஆங்கிலம் அவருக்கு வைத்திருப்பது ஸ்லவுச்சும் அதன் கூட்டாளிச் சொற்களும்தான். நம்ம நடவு வயலிலோ, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி சற்று நிமிர்ந்தால் போதும். 'என்னா அங்க நிமிந்துகிட்டு?' என்று வரப்பிலிருந்து சத்தம் வரும்.