பெத்லகேமும் 'பெட்லமும்'

ஆங்கிலத்தில் 'பெட்லம்' என்றொரு சொல் உண்டு. கூச்சலும் குழப்பமும் தலைவிரித்தாடும் நிலையை அது குறிக்கும். அச்சொல்லின் தாய் பெத்லகேம் என்றால் வியப்பாயிருக்கும்! நபி ஈஸா (அலை) அவர்கள் பிறந்த ஊரெனக் கிறிஸ்தவர்கள் போற்றும் பெத்லகேமுக்கு எபிரேய மொழியில் 'அப்பத்தின் வீடு' என்று பொருள். அரபியில் அது 'பைத்து லஹ்ம்', இறைச்சியின் வீடு. (திருக்குர்ஆன் ஊரின் பெயரைச் சொல்லவில்லை, மர்யம் (அலை) அவர்கள் பேறுகால வேதனையோடு பேரீச்ச மரத்தடியை அடைந்ததையே சொல்கிறது.) உணவின் வீடு எவ்வாறு பித்தரின் இரைச்சலுக்குப் பெயராயிற்று?

1247-இல் இலண்டனில் பெத்லகேம் திருச்சபைக்காக ஒரு மடம் நிறுவப்பட்டது. நாளடைவில் அது மருத்துவ இல்லமாயிற்று. 1403-இல் அதனைச் சோதித்தபோது மனநலம் குன்றிய அறுவர் அங்கிருந்தனர்; விலங்குகளும் சங்கிலிகளும் இருந்தன. மக்கள் நாவில் பெத்லகேம் 'பெட்லம்' எனத் தேய்ந்தது. பிற்காலத்தில் நகரத்தார் விடுமுறை நாள்களில் அங்கு சென்று, நோயாளிகளை வேடிக்கை பார்த்துச் சிரித்தனர். 1770-இல்தான் அவ்வழக்கம் கட்டுப்படுத்தப்பட்டது. ஆகவே, அச்சொல்லில் ஒலிப்பது நோயாளியின் கூச்சல் மட்டுமன்று; பார்க்க வந்தவர்களின் சிரிப்பும் அதில் கலந்தே இருக்கிறது.

'நம்மவர் அவ்வாறு செய்யவில்லை' என்று சிலர் மார்தட்டுவர். உண்மைதான். 1284-இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளர்க்கெனத் தனிப்பகுதி இருந்தது. துருக்கியின் எதிர்னே நகரில் 1488-இல் எழுந்த மருத்துவமனையில் அவர்களுக்கு இன்னிசையால் மருத்துவம் செய்தனர். 'நோயாளர் இல்லம்' எனப் பொருள்படும் 'பீமாரிஸ்தான்' என்பதே அத்தகைய இடங்களின் பெயர். அதுவும் 'மாரிஸ்தான்' எனக் குறுகி, எகிப்தியர் பேச்சில் பைத்தியக்கார விடுதி என்ற ஏளனப் பெயராயிற்று. கட்டியவர்களின் இரக்கத்தால் அச்சொல்லைக் காக்க இயலவில்லை.

தமிழிலும் இக்கதை உண்டு. சென்னையில் மனநல மருத்துவமனை அமைந்த ஒரே காரணத்தால் 'கீழ்ப்பாக்கம்' என்பது ஏளனச் சொல்லாகிவிட்டது. "இவனைக் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று நம் வீட்டுத் திண்ணையில் ஒருவர் சிரிக்கிறார். உள்ளறையில், மனம் நொந்து உறங்காதிருக்கும் மகளை வைத்துக்கொண்டு ஒரு தாய் அதனைக் கேட்கிறாள். அதன்பின் அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல அத்தாய்க்குத் துணிவு வருமா? மறைவாக எங்கேனும் கொண்டுபோய் விடத்தானே தோன்றும்?

2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பியோட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். உற்றாரை இத்தகைய இடங்களில் கொண்டுவந்து விட்டவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் அல்லர். ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியவர்கள் அவர்களுள் எத்தனை பேரோ!